உடும்புக்கு ஒரு பெயர்

“ரஞ்சியின் பிள்ளை இன்று விரலைப் பிடித்தது. விடவில்லையாம்.”

என் டயறியில், மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் பக்கத்தில் இருக்கும் குறிப்பு இவ்வளவுதான். அதற்குக் கீழே, பிறகு எப்போதோ சேர்த்த ஒற்றைச் சொல்: “உடும்பு.”

எந்தச் செவ்வாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தேதி, நேரம், அன்று எந்தப் பக்கக் காற்று, மழை உண்டா இல்லையா, எல்லாமே அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றை இங்கே எழுதக்கூடாது என்பது என் தங்கை ரஞ்சினியின் உத்தரவு.

“தேதி நேரத்தைப் பேப்பரில போட்டியள் எண்டால் ஊர்க் கண் முழுக்க அவளிலதான் விழும், அண்ணா. மாசி எண்டு மட்டும் எழுதுங்கோ. காணும்.”

நாளும் பொழுதும் குறித்து வைப்பதே பழக்கமாகிப் போனவனுக்கு இது உப்பில்லாத சோறு. இருந்தாலும் இந்த வாரக் கதை அவளுடையது. மாசி என்றே வைத்துக்கொள்வோம்.

வாசலுக்கு வந்த செய்தி

ரஞ்சி என்னைவிடப் பதினாறு வயது இளையவள். கணவர் ஜெகன் சல்லிக் கரையைச் சேர்ந்தவர். சொந்தமாக ஒரு சிறிய இயந்திரப் படகு வைத்துத் தொழில் செய்கிறார். இருவரும் ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டின் பின்பாதியில் இருக்கிறார்கள். ஜெகன் விடியமுன் மோட்டார் சைக்கிளில் சல்லிக்குப் போய்விட்டு, மீன் வாசனையுடன் மத்தியானம் திரும்புவார்.

டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே பிள்ளை அவசரப்பட்டு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெற்றோரைத் தவிர யாரும் உள்ளே போக ஏலாது. நான் சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாக வாசலில் நிற்பேன். உள்ளே இருந்து செய்தி வந்தால்தான் உண்டு.

அன்றைக்கு ஜெகன் ஓடி வந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

“மச்சான், பிடிச்சிட்டாள்!”

“ஆர் பிடிச்சது? எதைப் பிடிச்சது?”

“ரஞ்சி பெட்டிக்குள்ள கையை விட்டவள். சின்ன விரலைப் பிடிச்சிட்டாள். விடுறாள் இல்லை! அந்த மூதூர் மிஸ் இருக்கிறா எல்லோ, அவ வந்து பாத்திட்டு, ‘இது பிள்ளையில்லை, உடும்பு. எங்க, விரலை எடுங்கோ பாப்பம்’ எண்டா. ஏலாது மச்சான், எடுக்க ஏலாது!”

மிஸ் என்றால் எங்கள் பக்கத்தில் தாதி. அந்தத் தாதி வேலைக் களைப்பில் சொன்ன ஒரு பகிடிதான் அது. மறுநாள் அவருக்கே நினைவில் இருந்திருக்குமோ தெரியாது. ஆனால் அன்றிலிருந்து பிள்ளைக்கு உடும்பு என்றே பெயர் நிலைத்தது. “உடும்பு பால் குடிச்சதோ?” “உடும்பு நிறை கூடியிருக்கோ?” வாசலில் நின்ற காவலாளிகூட என்னைக் கண்டால், “உடும்பு எப்பிடி ஐயா?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. இவளுக்கு முன் இரண்டு பேர் வயிற்றில் தங்கி, முகம் காட்டாமலே போனார்கள். இரண்டாவது பிள்ளைக்கு ரஞ்சி முன்கூட்டியே ஓர் அழகான பெயரைத் தேர்ந்து வைத்திருந்தாள். வயிற்றில் கையை வைத்து, அந்தப் பெயரைச் சொல்லித்தான் கதைப்பாள். குசினியில் அவள் தேங்காய் துருவியபடி அதைச் சொல்லிக் கதைத்துக்கொண்டிருப்பதை நான் கேட்டிருக்கிறேன். பிறகு ஒரு நாள் அந்தக் குரல் நின்றுபோனது. அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. நானும் இங்கே எழுதமாட்டேன்.

பெயரைச் சொன்னதால்தான் பிள்ளை கைவிட்டுப் போனது என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் எங்களுக்குத் தெரியும். உடும்பு என்பது அவள் பயமில்லாமல் சொல்லக்கூடிய பெயராக இருந்தது.

உண்மையான உடும்புகள் பற்றி

உட்துறைமுகத்தை நோக்கி இறங்கும் எங்கள் ஒழுங்கை ஓரத்து வடிகானில், வெயில் ஏறியதும் ஒன்று ஊர்ந்து வந்து மதிலோரம் படுக்கும். எல்லோரும் அதை உடும்பு என்பார்கள். அது உடும்பு இல்லை, அதன் தண்ணீர்ச் சாதியான கபரகொய்யா. இரண்டுக்கும் உருவத்திலும் நிறத்திலும் மூக்குத் துவாரம் இருக்கும் இடத்திலும் வித்தியாசம் உண்டு. இதை நான் பக்கத்து வீடுகளுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். பயன் கிடைத்ததாகச் சொல்ல ஏலாது.

உடும்பின் இடுப்பில் கயிறு கட்டி, கோட்டை மதிலில் எறிந்து, அதைப் பிடித்துக் கள்ளர் ஏறினார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது. பிள்ளை வீட்டுக்கு வந்த வாரத்தில் இதைப் பற்றி என் அலுமாரியில் இருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். சொல்பவர்கள் பலர், ஏறியவனைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

“பாரமான கள்ளனெண்டால் உடும்பு என்ன செய்யும்?” என்று ஜெகன் கேட்டார். நியாயமான கேள்வி. குறித்து வைத்தேன்.

அணில் என்ற எஞ்சினியர்

எங்கள் குடும்பத்தில் விலங்குப் பெயர் புதிது இல்லை. அப்பாவின் ஊர் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சான். அங்கே பெரியப்பாவின் மகன் ஒருவர் அணில். கொய்யா மரத்திலேயே வளர்ந்ததால் வந்த பெயர். இப்போது வெளிநாட்டில் எஞ்சினியராக இருக்கிறார். அவருடைய மகளின் கலியாணக் கார்ட் வந்தபோது எங்கள் வீட்டில் அரை மணி நேரம் குழப்பம். பெண்ணின் தகப்பன் என்று போட்டிருந்த அந்த நீண்ட பெயர்க்காரர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ரஞ்சிதான், “அட, எங்கட அணில்!” என்றாள்.

சம்பூரும் அந்தப் பக்கத்து ஊர்களும் சண்டையில் வெறுமையான அந்த வருடம் (எங்கள் பகுதியில் ‘அந்த வருசம்’ என்றால் போதும், இலக்கம் வேண்டாம்) அவரும் அகதி முகாமில் இருந்தார். ஒலிபெருக்கியில் அவருடைய முழுப் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். மனிதர் எழும்பவேயில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உறைக்கவில்லையாம். யாரோ ஒருவர் “டேய் அணில்!” என்று கத்திய பிறகுதான் எழும்பி ஓடினார்.

ஆகவே, வீட்டில் கூப்பிடும் பெயருக்கும் எழுத்தில் இருக்கும் பெயருக்கும் கொஞ்சமாவது உறவு இருக்கவேண்டும் என்பது என் கட்சி. ரஞ்சியிடம் இதைச் சொன்னேன். அவள் அதையே எனக்கு எதிராகத் திருப்பினாள்.

வாடும் பெயர்கள்

பங்குனி முடிந்தும் பிள்ளையின் கிளினிக் அட்டையில் ‘ரஞ்சினியின் குழந்தை’ என்றே இருந்தது. வீட்டுக்கு வரும் மிட்வைஃப் அம்மா ஒவ்வொரு முறையும், “இன்னும் பேர் வைக்கேல்லையோ?” என்று கேட்பார். ரஞ்சி தேத்தண்ணி போட உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் ஜெகனின் அக்கா மலர் சல்லியிலிருந்து வந்து இறங்கினார். மலர் சந்தையில் மீன் விற்றுப் பழகிய குரல்காரி. அவர் மெதுவாகப் பேசினால் எங்கள் வீட்டுக்குள் மட்டும் கேட்கும்.

“உடும்பு, உடும்பு எண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில இடாப்பு வாசிக்கேக்கை ‘உடும்பு ஜெகநாதன்’ எண்டு ரீச்சர் கூப்பிடப்போறாவோ?”

“கூப்பிடட்டும் மச்சாள். ‘பிறெசன்ற்’ எண்டு சொல்லுவாள்.”

“பகிடியோ? தம்பியைப் பார். ரெண்டு மாசமாத் தன்ர பிள்ளைக்குப் பேர் இல்லையெண்டு கடலில ஆரிட்டயும் சொல்ல ஏலாமல் நிக்கிறான்.”

ஜெகன் கதிரையில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். அவர் மனைவியை வற்புறுத்தமாட்டார். ஆனால் அவருக்கும் ஆசை இருந்தது. படகின் பக்கவாட்டில் பெயர் எழுத ஓர் இடம் விட்டு, மற்ற இடமெல்லாம் நீலம் பூசி வைத்திருந்தார்.

ரஞ்சி பிள்ளையைத் தோளில் போட்டபடி சொன்னாள்: “பேர் வைக்க மாட்டன் எண்டு நான் சொல்லேல்லை. உடும்புக்குப் பொருந்தின பேர் கொண்டு வாங்கோ. பிடிச்சால் விடாத பேர். அண்ணாவும் அதைத்தானே சொல்லுறார், கூப்பிடுற பேருக்கும் எழுதுற பேருக்கும் உறவு இருக்கவேணுமெண்டு.”

சோதிடம் பார்க்கும் சாத்திரியார் தந்த எழுத்து ப. (நட்சத்திரத்தை எழுத அனுமதி இல்லை.)

“ப-வில, பிடிச்சால் விடாததோ?” மலர் யோசித்தார். “பலாப்பால் எண்டு வையும்.”

ஜெகன் சிரித்தார். ரஞ்சி திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினார்.

பெயர் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அடுத்த சில வாரங்கள் நான் கேட்டதும் அவள் சொன்னதும் இப்படிப் போயின.

“பூவோட சேந்த பேர்?”

“பூ உதிரும்.”

“பனி?”

“வெயிலோட போயிடும்.”

“பறவை?”

“பறந்திடும்.”

“பௌர்ணமி?”

“அடுத்த நாளே தேயத் தொடங்கும், அண்ணா.”

“பைரவி? ராகம்.”

“பாட்டு முடிஞ்சுபோகும்.”

இடையில் ஒரு பழைய அகராதியில் எனக்கு ஒரு புதையல் அகப்பட்டது. கோதை என்ற சொல்லுக்கு உடும்பு என்றும் ஒரு பொருள் இருக்கிறது! எழுத்துப் பொருந்தாவிட்டால் என்ன, சாத்திரியாரைச் சமாளிக்கலாம். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். ரஞ்சி பிள்ளையின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள்.

“நல்லாயிருக்கு. ஆனா மாலையையும் கோதை எண்டுதானே சொல்லுறது?”

“ஓம், அதுதான் முதல் அர்த்தம்.”

“மாலை வாடும்,” என்றாள். அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் என் பெயர்களைத் தட்டிக் கழிக்கவில்லை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது எப்போது போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டுப் பார்க்கும் வழக்கம்

வைகாசியில் மலர் மறுபடி வந்தார். இந்த முறை ஒரு யோசனையுடன்.

“எங்கட வீட்டுப் பழக்கம் ஒண்டு இருக்கு. பேர் வைக்கமுதல் பிள்ளையின்ர மாமி, தேப்பன்ர சகோதரி, கரையில நிண்டு கூப்பிடுவா. தேப்பன் கடலில, போட்டில இருப்பான். ஆர் ஆர் என்ன பேர் சொல்லினமோ எல்லாத்தையும் கூப்பிட்டுப் பாக்கிறது. எந்தப் பேருக்கு அவன் திரும்புறானோ அதுதான் பேர். அதுக்குப் பிறகு கதை இல்லை. இவனுக்கும் அப்பிடித்தான். ஜெகநாதன் எண்டு கூப்பிட, ‘ஜெக’ மட்டும்தான் போட்டுக்குப் போனது. அதாலதான் வீட்டில ஜெகன்.”

இது சல்லி ஊர் வழக்கமா, அந்த ஒரு வீட்டு வழக்கமா என்று பின்னர் அங்கே விசாரித்தேன். இருவர் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். ஒருவர், “மலரக்கா வீட்டில எதுவும் கத்தித்தான் நடக்கும்,” என்றார்.

நான் எதிர்பார்த்தது ரஞ்சி மறுப்பாள் என்று. அவளோ உடனே, “ஓம் மச்சாள், செய்வம்,” என்றாள். “ஆனா பின்னேரம் செய்வம். காலமை பிள்ளை நித்திரை.”

“பின்னேரம் கடல்காத்து முகத்துக்கு அடிக்குமடி. சத்தம் போகாது.”

“உங்கட குரலுக்கு எந்தக் காத்து நிக்கும்?”

மலருக்குப் பெருமை தாங்கவில்லை. நாள் குறித்தாயிற்று.

இரண்டு முதுகுகள்

சல்லிக் கரையில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ரஞ்சி கரையேற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் பிள்ளையுடன் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் டயறியுடன். படகு கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால் நங்கூரம் போட்டு நின்றது. அதில் ஜெகனும், அவருடன் தொழில் செய்யும் ஒன்றுவிட்ட அண்ணன் கிட்டினனும். இருவருமே எங்களுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

மலர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போனார்.

“பவித்திராஆஆ!”

காகங்கள் எழும்பின. முதுகுகள் அசையவில்லை.

“பத்மினீஈஈ!”

ஒன்றுமில்லை.

“பாமினீஈஈ!”

ஒரு முதுகு அசைந்தது. கிட்டினன் சொறிந்துகொண்டார்.

“பிரியதர்சினீஈஈ!”

வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் எழும்பி வந்து, “ஆரைத் தேடுறியள்? பிள்ளையளைக் காணேல்லையோ?” என்று கவலையுடன் கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். அவரும் தன் பங்குக்கு “பார்வதி” என்று ஒரு பெயர் சொல்லிவிட்டுப் போனார். அதுவும் கடலில் போனது.

ரஞ்சியைப் பார்த்தேன். பிள்ளை அவளுடைய சங்கிலியைப் பிடித்தபடி தூங்கியது. அவளுடைய முகத்தில், பல வாரங்களுக்குப் பிறகு, ஒரு நிம்மதி. “காத்து விடுது இல்லைப் போல,” என்றாள். குரலில் கவலையே இல்லை.

தொண்டை கட்டிய மலர், “காணும், வரச் சொல்லுவம்,” என்று துவாயை எடுத்து வீசினார். முதுகுகள் எப்படிப் பார்க்கும்? இன்னும் கொஞ்ச நேரம் வீசினார். பிறகு துவாயை மணலில் எறிந்துவிட்டு உட்கார்ந்தார். கடைசியில் கிட்டினன்தான் கள்ளமாக ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உடனே துள்ளி எழும்பி ஜெகனின் தோளில் தட்டினார்.

நங்கூரம்

அந்தக் கரையில் கடலுக்குப் போகிறவர்கள் கரையைப் பார்த்துத்தான் இடம் பிடிப்பார்கள். கோயில் கோபுரமும் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் வந்தால் அடியில் மணல், விலகினால் கல். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று உட்கார்ந்திருந்தவர்கள் கோபுரத்தையும் பார்க்கவில்லை, பனையையும் பார்க்கவில்லை. காற்றில் படகு மெல்ல இழுபட்டுக் கல்லுக்கு வந்திருந்தது. அடியில் நங்கூரம் எதிலோ மாட்டிக்கொண்டது.

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். படகின் மூக்கு தாழ்ந்தது, கயிறு வரவில்லை. ஜெகன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தார். மேலே வந்தார், மூச்செடுத்தார், மறுபடி போனார். இரண்டாம் முறை அதிக நேரம் எடுத்தது.

ரஞ்சி எழும்பி நின்றாள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதை மட்டும் பக்கத்தில் நின்ற நான் உணர்ந்தேன். தண்ணீருக்கு மேலே கறுப்பாக ஒரு தலை தெரிந்ததும் அவளும் மூச்சு விட்டாள்.

கிட்டினன் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார். படகு கரைக்கு வந்தது.

“நங்கூரத்தைத் துலைச்சிட்டு வந்து நிக்கிறியளோ ரெண்டு பேரும்!” மலர் தொண்டை கட்டிய குரலிலும் முழங்கினார். “கண் எங்க இருந்தது? கோபுரத்தைப் பாக்க ஏலாதோ?”

“துலைக்கேல்லை அக்கா. அது அங்கதான் இருக்கு,” என்றார் ஜெகன், தலையைத் துவட்டியபடி. “விடேல்லை. அவ்வளவுதான்.”

“என்ன விடேல்லை?” ரஞ்சி கேட்டாள்.

“கல்லு. உள்ள போய்க் கையால பிடிச்சு ஆட்டிப் பாத்தன். ரெண்டு பேர் மேல இருந்து இழுத்தும் விடேல்லை.”

“என்ன கல்லு?”

“பவளக் கல்லு.”

இந்த இடத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தவறான தகவலைத் திருத்தாமல் விட என்னால் ஏலாது. “பவளம் கல்லு இல்லை, ஜெகன். அது உயிர். சின்னச் சின்ன உயிர்கள், ஒண்டோட ஒண்டு ஒட்டி, அடியில இருக்கிற பாறையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கும்.”

ரஞ்சி என் பக்கம் திரும்பினாள். “உயிரோ?”

“ஓம்.”

“வாடுமோ?”

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். கடல் சூடேறினால் பவளம் வெளுத்துச் செத்துப்போகும் என்று நிறைய வாசித்திருந்தேன். மலர் என்னையே முறைத்தபடி இருந்தார். ஆனால் ரஞ்சிக்குப் பொய் சொல்ல வராது எனக்கு.

“சூடு கூடினால் வெளுக்கும்,” என்றேன். “சாகவும் கூடும்.”

மலர் தலையில் கை வைத்தார்.

ரஞ்சி கணவரைப் பார்த்தாள். “செத்தால்? அப்ப விட்டிடுமோ?”

ஜெகன் காலைத் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே புதிதாகக் கீறியிருந்தது. “செத்த பவளமும் விடாது, ரஞ்சி. அது பாறையோட பாறையாக் கிடக்கும். அதுக்கு மேலதான் புதுசு பிடிக்கும். இண்டைக்கு நங்கூரத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறது உயிரோட இருக்கிறதோ செத்ததோ எண்டு எனக்கே தெரியாது.”

முகம் காட்டாமலே போன அந்த இருவரை அவள் நினைத்தாள் என்று எழுதிவிடலாம். ஆனால் அது என் ஊகம். எனக்குத் தெரிந்தது, அவள் பிள்ளையின் கையைச் சங்கிலியிலிருந்து விடுவிக்கப் பார்த்தாள், பிள்ளை விடவில்லை, அவள் சிரித்தாள்.

“போட்டை எடுங்கோ,” என்றாள் ஜெகனிடம். “திரும்பக் கடலுக்குப் போங்கோ.”

“எதுக்கு?”

“பழக்கம் பழக்கம்தானே. கூப்பிட்டுப் பாக்க வேணும்.”

தண்ணீர் ஓரத்தில்

மலர் எழும்பிச் சேலையைச் செருகினார். “நீ இரு, நான் கூப்பிடுறன். மாமிதான் கூப்பிடுறது.”

“இல்லை மச்சாள். இது நான்.”

ரஞ்சி மெதுவாகப் பேசுபவள். பக்கத்து அறையிலிருந்து அவள் கூப்பிட்டால் நான் எழும்பிப் போய், “கூப்பிட்டியோ?” என்று கேட்க வேண்டியிருக்கும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு, முகத்தில் அடிக்கும் கடல்காற்றுக்கு எதிரே, பிள்ளையுடன் கணுக்கால் தண்ணீரில் போய் நின்றாள். படகு முன்பு நின்ற தூரத்துக்குப் போயிருந்தது. நங்கூரம் இல்லாததால் எஞ்சினை ஓடவிட்டே அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். மறுபடி இரண்டு முதுகுகள்.

வாயைத் திறந்தாள். மூடினாள். பிள்ளையைக் குனிந்து பார்த்தாள். ஒரு நல்ல பெயரை வாய்விட்டுச் சொல்வதென்றால் அவளுக்கு என்ன பயம் என்பது கரையில் நின்ற எங்கள் இருவருக்கும் தெரியும். மலர்கூடச் சத்தமில்லாமல் நின்றார்.

ஓர் அலை வந்து போனது. இன்னொன்று வந்தது.

“பவளம்!” என்றாள்.

கூப்பிட்டாள் என்று சொல்ல ஏலாது. கொஞ்சம் பலமாகச் சொன்னாள், அவ்வளவுதான். பின்னால் நின்ற எனக்கே அலைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள், யாரோ எதையோ பறித்துக்கொண்டு போக வருவதுபோல. ஒருவரும் வரவில்லை. பிள்ளை விழித்து, ஒரு கொட்டாவி விட்டு, அவளுடைய தலைமயிரைப் பிடித்தது.

அவள் கண்ணைத் திறந்தபோது ஜெகன் படகில் எழும்பி நின்று, கரையைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கேட்டதா?

பவளம் ஜெகநாதன் என்று பதிந்தாயிற்று. கிளினிக் அட்டையிலும் மாற்றியாயிற்று. மிட்வைஃப் அம்மா, “பழைய காலத்துப் பேர், நல்ல பேர்,” என்றார். படகின் நீலத்தில் விட்டிருந்த இடம் நிரம்பிவிட்டது. வீட்டில் அவள் இன்னும் உடும்புதான். தவழத் தொடங்கியிருக்கிறாள், என் அலுமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் மேல்தட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டன.

ஒரு நாள் பின்னேரம் ஜெகன் என்னிடம் ஓர் உண்மையைச் சொன்னார். அன்று மலர் கூப்பிட்ட பெயர்கள் அத்தனையும் அவருக்குத் தெளிவாகக் கேட்டனவாம்.

“பிரியதர்சினிகூடவோ?”

“தொடக்கத்தில இருந்து முடிவு வரைக்கும், மச்சான். அக்கா கத்தினால் சீனன்குடாவுக்கே கேக்கும். எந்தப் பேருக்கும் திரும்ப வேண்டாமெண்டு ரஞ்சி முதல் நாளே சத்தியம் வாங்கிட்டாள். அதுதான் கிட்டினன் அண்ணையையும் கடல் பக்கம் திரும்பி இருக்கச் சொன்னனான்.”

மலர் இந்த இதழை வாசிப்பார் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். அடுத்த முறை அவர் வரும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

“அப்ப ரஞ்சி கூப்பிட்டது?” என்று கேட்டேன்.

“கேட்டது.”

“எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததே?”

“கேட்டது மச்சான்.”

கிட்டினனைத் தனியாகக் கண்டு விசாரித்தேன். “எஞ்சின் சத்தத்தில எனக்கு என்ர இருமலே கேக்கேல்லை, ஐயா,” என்றார். “இவர் திடீரெண்டு எழும்பிக் கையை ஆட்டினார். நான் அந்தப் பக்கம் பாத்துக்கொண்டிருந்தனான். முதல் திரும்பினதோ, முதல் கேட்டதோ, எனக்குத் தெரியாது.”

ரஞ்சியிடமும் கேட்டேன். பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“கேட்டதோ இல்லையோ, நான் சொன்னனான், அண்ணா,” என்றாள். “சொல்லியும் பிள்ளை இருக்கிறாள்.”

உரத்துக் கூப்பிட்ட பெயர்கள் படகை எட்டின என்பது ஜெகனின் வாக்குமூலத்தால் தெளிவாகிறது. மெல்லச் சொன்ன அந்த ஒரு பெயர் எட்டியதா என்பது மட்டும் இந்த வாரம்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.